கம்ப்ரெஷன் கிளவுஸ்: நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குக் கைவலி என்று ஆன்லைனில் ஒரு ஜோடி கம்ப்ரெஷன் கிளவுஸ் வாங்கிக் கொடுத்தேன். சாம்பல் நிறம், விரல்நுனி திறந்திருக்கும் வகை. அட்டைப்பெட்டியின் மேல் மூட்டுகள் மட்டும் சிவப்பாக ஒளிரும் ஒரு கை. மறுநாள் காலையிலேயே அம்மா, "நல்லாத்தான்டா இருக்கு, விரல் கொஞ்சம் லேசா மடங்குது" என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. சொந்தக்காரர்கள் ஆறேழு பேருக்கு நானே லிங்க் அனுப்பினேன். நாலு பேருக்கு ஆர்டரும் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாலு பேரில் ஒருவர் என் சித்தி. அவரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். ஏழு மாதம் தினமும் ராத்திரி போட்டுக்கொண்டு படுத்தார். பிறகு ஒருநாள் காபி டம்ளரைக் கையில் பிடிக்க முடியாமல் கீழே விட்டார். டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை எடுத்தபோது முடக்குவாதம் என்று தெரிந்தது.

கிளவுஸ் சித்திக்கு நோயைக் கொண்டுவரவில்லை, அது தெளிவு. ஆனால் "கைக்கு ஏதோ வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது" என்ற நினைப்பை ஏழு மாதம் கொடுத்தது. அந்த நினைப்பை அவருக்கு அனுப்பிவைத்தவன் நான். எனவே வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியதை இப்போது உட்கார்ந்து படித்தேன். படித்ததில் தேறியது கீழே.

முதலில் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். எல்லாப் பெட்டியிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்தான்: மிதமான அழுத்தம் தரும், ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கத்தைக் குறைக்கும், அதனால் வலி குறையும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "மிதமான அழுத்தம்" எவ்வளவு என்று கேட்டால் பதில் இல்லை. வெரிகோஸ் நரம்புக்குப் போடும் மருத்துவக் காலுறையை எடுத்தால் எத்தனை மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் என்று அட்டையிலேயே இருக்கும், அந்த அளவை வைத்துத்தான் டாக்டரும் எழுதிக் கொடுப்பார். நான் வாங்கிய கிளவுஸில் இருந்தது எஸ், எம், எல் மட்டும். உள்ளங்கை அகலத்தை ஸ்கேலால் அளந்து வாங்கிக்கொள் என்று ஒரு படம். அழுத்தத்தை விற்கிற பொருளில் அழுத்தத்தின் அளவு இல்லை.

அளவு இருந்தாலும் கை என்பது கால் மாதிரி ஓர் உருளை கிடையாது. ஒரே துணி ஒரே இழுவையில் இருக்கும்போது, சுற்றளவு குறைந்த இடத்தில் அழுத்தம் கூடும், பெரிய இடத்தில் குறையும். லாப்லாஸ் விதி என்று பள்ளியில் சோப்புக் குமிழிக்குப் படித்திருப்பீர்கள், அதே கதைதான். ஆக விரலில் நன்றாக இறுக்கும், உள்ளங்கைக் குழியில் துணி சும்மா மிதக்கும். மூட்டு புடைத்த விரலில் இன்னும் கோளாறு. கணுவில் பிடிக்கும், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே தளரும். கரும்புக்குச் சட்டை போட்ட மாதிரி.

"ரத்த ஓட்டத்தைக் கூட்டும்" என்பதும் அரைகுறை. வெளியிலிருந்து அமுக்கினால் தோலுக்கடியில் தேங்கிய நீர் வடியும், சிரை ரத்தம் திரும்புவதற்கு உதவும். ஆனால் வாத நோயில் மூட்டு வீங்குவது பெரும்பாலும் மூட்டுப் பைக்குள்ளே. உள்சவ்வு தடித்து, அங்கே திரவம் சேர்ந்து வருகிற வீக்கம் அது. துணியால் வெளியே அமுக்குவதற்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது.

சரி, வாதம் இருக்கட்டும். போட்டுப் பார்த்தவர்களுக்கு என்ன ஆனது?

இந்த யோசனை புதிதல்ல. வாத நோயாளிகள் ராத்திரி இழுவைக் கையுறை போட்டுக்கொண்டு படுத்தால் காலை விறைப்பு குறைகிறதா என்று 1971-லேயே அமெரிக்காவில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. அதன்பின் எழுபது, எண்பது, தொண்ணூறுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில. எல்லாமே சிறியவை. 2016-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஆலிசன் ஹாம்மண்டும் சகாக்களும் இவற்றைத் திரட்டிப் பரிசீலித்தார்கள். கைவீக்கம் குறைவதற்குக் கொஞ்சம் ஆதாரம் தென்பட்டது. வலியிலும் விறைப்பிலும் விசேஷம் என்னவென்றால், சில ஆய்வுகளில் இறுக்கமான கையுறை போட்டவர்களுக்கும் ஒப்பீட்டுக்காகத் தளர்ந்த கையுறை போட்டவர்களுக்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தது. இந்த ஒரு வரியை நான் இரண்டு வருடத்துக்கு முன் படித்திருந்தால் லிங்க் அனுப்பும் முன் கொஞ்சம் நின்றிருப்பேன்.

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அவர்களே ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 2021-இல் முடிவு வெளியானது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் முடக்குவாதமோ வேறு அழற்சி வாதமோ இருந்து, கைவலி விடாமல் இருக்கும் 206 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஐசோடோனர் என்ற பிராண்டின் இறுக்கமான கையுறை. மறு பாதிக்குப் பெரிய அளவில், இறுக்கமே இல்லாத, ஆனால் அதே போல வெதுவெதுப்பாக இருக்கும் கையுறை. 12 வாரம். கையால் வேலை செய்யும்போது வரும் வலியை 0-விலிருந்து 10 வரை மார்க் போடச் சொன்னார்கள்.

இரண்டு குழுவிலும் வலி குறைந்தது. இரண்டிலும் சுமார் 1 மார்க். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. விறைப்பு, கை வேலை செய்யும் திறன் என்று மற்ற கணக்குகளிலும் இறுக்கமான கையுறைக்குத் தனி வெற்றி கிடையாது. இறுக்கத்துக்காகச் செலவழிப்பதில் பலனில்லை என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள்.

இதைப் படித்ததும் "எல்லாம் ஏமாற்று வேலை" என்று எழுதிவிடத் தோன்றியது. அப்படி எழுதினால் அதுவும் அரைகுறைதான். இந்த ஆய்வு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஒப்பிட்டது கையுறைக்கும் வெறுங்கைக்கும் அல்ல, இரண்டு கையுறைகளுக்கு நடுவே. வெறுங்கையோடு விட்ட மூன்றாவது குழு இல்லை. ஆக, குறைந்த அந்த 1 மார்க்குக்குக் காரணம் வெதுவெதுப்பா, துணியின் தொடுகையா, கூடவே கொடுத்த கைப்பராமரிப்பு ஆலோசனையா, அல்லது வலி உச்சத்தில் இருக்கும்போது ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு அது தானாகத் தணிந்ததா, பிரித்துச் சொல்ல முடியாது. இறுக்கம் காரணம் இல்லை என்று மட்டும் சொல்லலாம். இன்னொன்று, ஆய்வில் இருந்தவர்கள் அழற்சி வாதக்காரர்கள். என் அம்மாவுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். அந்த நோய்க்கு இந்த அளவில் ஓர் ஆய்வை நான் பார்க்கவில்லை.

"சும்மா மனப்பிரமை" என்று தள்ளுவதிலும் எனக்கு உடன்பாடு கிடையாது. மூட்டுத் தேய்மானத்தில் போலி மருந்து என்ன செய்கிறது என்று 2008-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 198 சோதனைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார்கள். போலி மருந்து எடுத்தவர்களுக்கு வலிக்குறைவின் அளவு 0.51. ஒன்றுமே கொடுக்காமல் விட்டவர்களுக்கு 0.03. புள்ளியியலில் 0.5 என்பது நடுத்தரமான விளைவு. அம்மா "லேசா மடங்குது" என்று சொன்னது பொய்யில்லை, அவருக்கு அது நடந்தது. தப்பு எங்கே என்றால், நடந்ததற்குப் பெட்டிமேல் போட்ட காரணத்தை நான் அப்படியே நம்பி, அதை அடுத்தவருக்குக் கைமாற்றியதில்.

இதில் செம்புக் கதை ஒன்று தனியாக இருக்கிறது. அதே கிளவுஸில் செம்பு இழை கலந்தது என்று கூடுதல் விலையில் ஒரு வகை கிடைக்கும். நம்மூரில் இது சுலபமாக விலைபோகும், செம்புக் காப்பு போட்டால் வாதம் போகும் என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம். என் தாத்தாவின் மணிக்கட்டில் காப்புக்கு அடியில் பச்சையாக ஒரு வளையமே பதிந்திருக்கும். வாதம் போகவில்லை, வளையமும் போகவில்லை. 2013-இல் பிரிட்டனில் முடக்குவாதம் உள்ள 70 பேருக்குச் செம்பு வளையல், காந்தப் பட்டை, அவற்றின் போலிகள் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வலியிலோ வீக்கத்திலோ நோயின் போக்கிலோ போலியைத் தாண்டிய பலன் எதுவும் தெரியவில்லை. செம்பு இழை ஆடைகள் வாத வலியைப் போக்கும் என்று விளம்பரம் செய்த டாமி காப்பர் நிறுவனம், ஆதாரம் இல்லாமல் சொன்னதாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் 2015 டிசம்பரில் 13.5 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. செம்புக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் இந்தப் பதிவில் தயக்கமில்லாமல் சொல்வேன்.

இப்போது எனக்கு உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய அந்த லிங்க்கில் தமிழில் "கீல்வாதக் கையுறை" என்று போட்டிருந்தது. கீல் என்றால் மூட்டு, அவ்வளவுதான். மூட்டில் வருகிற எல்லாவற்றுக்கும் நாம் இந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். தேய்மானமா, கீல்வாதம். யூரிக் அமிலம் கூடிக் கட்டைவிரல் வீங்கியதா, அதுவும் கீல்வாதம். முடக்குவாதமா, அதையும் சிலர் கீல்வாதம் என்றே எழுதுகிறார்கள். வீட்டுப் பேச்சிலோ "வாயு", "வயசாச்சு" என்ற இரண்டே நோய்கள். 2006-இல் சிக்குன்குனியா பரவி, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் விரல் மடங்காமல் கிடந்தவர்கள் நம் தெருவிலேயே எத்தனை பேர். அதிலிருந்து "எல்லாம் அந்தக் காய்ச்சலோட மிச்சம்" என்ற மூன்றாவது விளக்கமும் சேர்ந்துகொண்டது. சித்தி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அம்மாவின் கையும் சித்தியின் கையும் ஒன்றல்ல. அம்மாவுக்கு வலி நகத்துக்குப் பக்கத்துக் கணுவிலும் கட்டைவிரலின் அடிமூட்டிலும். காலையில் கால் மணி நேரம் விறைப்பு, வெந்நீரில் கை வைத்தால் சரியாகிவிடும். சாயங்காலம் வேலை முடிந்ததும் வலி கூடும். இது தேய்மானத்தின் வழக்கமான நடை. சித்திக்கு வீங்கியது விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளும் மணிக்கட்டும், இரண்டு கையிலும். காலை விறைப்பு பத்து மணி வரைக்கும் இருந்தது. யாராவது கையைப் பிடித்து அழுத்தினால் முகம் சுளிப்பார். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்தே இருந்தது. என்ன அர்த்தம் என்றுதான் தெரியவில்லை.

அழற்சி வாதமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் அறிகுறி தொடங்கிய 6 வாரத்துக்குள் வாதநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும், நோயைக் கட்டுப்படுத்தும் மருந்தை 3 மாதத்துக்குள் தொடங்கப் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. தாமதித்தால் எலும்பு அரிக்கப்படும், அரித்தது திரும்ப வளராது. 6 வாரம் எங்கே, சித்தியின் 7 மாதம் எங்கே. இப்போது வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கிறார், வீக்கம் வடிந்திருக்கிறது. வலது மணிக்கட்டு மட்டும் முன்போல் முழுசாக மடங்குவதில்லை. சீக்கிரம் போயிருந்தால் இது தப்பித்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அம்மா விஷயத்திலும் ஒரு வேடிக்கை. அவருக்கு அதிகம் வலிக்கும் இடம் விரலின் கடைசிக் கணு. விரல்நுனி திறந்த கிளவுஸ் அந்தக் கணுவுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது! கட்டைவிரலின் அடிமூட்டுக்கோ வெறும் துணி எந்தப் பிடிமானமும் கொடுப்பதில்லை. அந்த மூட்டுக்கு ஓரளவு ஆதாரம் உள்ள சாதனம் வேறு. கட்டைவிரலை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட். அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டுமே அதைப் பரிந்துரைக்கின்றன. அமெரிக்க வழிகாட்டுதல் மற்ற கைமூட்டுகளுக்குக் கையுறை போன்றவற்றையும் முயற்சிக்கலாம் என்கிறது, ஆனால் அது அழுத்தமில்லாத, நிபந்தனையோடு கூடிய பரிந்துரை.

படித்ததோடு விடாமல் வீட்டில் சின்னதாக ஒரு சோதனையும் செய்தேன். டிராஃபிக் போலீஸ்காரர்கள் போடுவார்களே, அந்த மாதிரி வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு ஜோடி வாங்கி, விரல்நுனியைக் கத்தரித்துத் தைத்துக் கொடுத்தேன். ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது, ஒரு வாரம் வெறுங்கை, மறுபடி முதலிலிருந்து. காலையில் எழுந்ததும் வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று தினசரி காலண்டர் தாளில் அம்மா எழுத வேண்டும். இது ஆராய்ச்சியெல்லாம் இல்லை. எதைப் போட்டிருக்கிறோம் என்று அவருக்கே தெரியும், ஆள் ஒருத்தர்தான். ஆனாலும் ஆறு வாரத்துத் தாளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது இரண்டு கையுறைக்கும் வித்தியாசம் என்று எனக்கு எதுவும் கண்ணில் படவில்லை. மாவாட்டிய நாளுக்கு மறுநாள் எண் ஏறியிருந்தது, அது மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

அம்மாவுக்கு இதில் வேறு கணக்கு. "அந்த டைட்டானதை ராத்திரி பாத்ரூம் போகும்போது கழட்டவே அஞ்சு நிமிஷம் ஆகுதுடா. இழுத்து இழுத்து விரல்தான் வலிக்குது." இந்த ஒரு குறை பெட்டியிலும் இல்லை, நான் பார்த்த ஐந்து நட்சத்திரப் பாராட்டுகளிலும் இல்லை. சென்னைச் சித்திரையில் நைலான் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு படுப்பது எப்படி இருக்கும் என்பதும் இல்லை. பிரிட்டனில் வெதுவெதுப்பு ஒரு வரம். இங்கே மார்கழி, தையில் வேண்டுமானால் சரி, மற்ற மாதங்களில் வேர்த்து விரலிடுக்கில் அரிப்பு வருகிறது. பகலில் போட்டுக்கொண்டு வேலை செய்யலாம் என்பதும் சமையலறையில் நடக்காது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தண்ணீரில் கை வைப்பவர் ஈரக் கிளவுஸோடு என்ன செய்வார்?

அப்படியானால் கைக்கு என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். கட்டைவிரலுக்கு ஸ்பிளின்ட் சொன்னேன். தேய்மான வலிக்கு மாத்திரைக்கு முன்னால் மேலே தடவும் வலிநிவாரண ஜெல்லைப் பாருங்கள் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். முடக்குவாதத்தில், மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே கைக்கு உடற்பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும் என்று பிரிட்டனில் 490 பேரை வைத்து ஒரு சோதனை நடந்து 2015-இல் லான்செட் இதழில் வந்தது. விரலை நீட்டி மடக்கும் பயிற்சி, பிடியை வலுவாக்கும் பயிற்சி. ஒரு வருடம் கழித்தும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் கை கூடுதலாக வேலை செய்தது. சித்தியின் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பதும் ஏறக்குறைய அதுதான். ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே சீரியல் பார்க்கிறார்.

கிளவுஸ் போடவே கூடாது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. போட்டால் இதமாக இருக்கிறது என்பவர்கள் தாராளமாகப் போடலாம், விலை குறைந்த தளர்ந்த துணியே போதும். குளிரில் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், ராத்திரி கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுகிறவர்கள், சர்க்கரை நோயால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் இறுக்கமானதைக் கேட்காமல் போட வேண்டாம். இறுக்குகிறது என்பதே இவர்களில் சிலருக்குத் தெரியாது.

நான் லிங்க் அனுப்பிய மற்றவர்களுக்கெல்லாம் போன வாரம் போன் செய்தேன். வலி எந்தக் கணுவில், காலையில் விறைப்பு எவ்வளவு நேரம், ரெண்டு கையிலும் இருக்கா என்று மூன்று கேள்வி. இரண்டு பேர் கிளவுஸை எங்கே வைத்தோம் என்றே மறந்துவிட்டார்கள். மாமா ஒருவர் மட்டும், காலையில் ஒரு மணி நேரம் சட்டைப் பட்டன் போட முடிவதில்லை, ஆனால் கிளவுஸ் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். வரும் வியாழக்கிழமை அவரோடு நானும் போகிறேன், டாக்டரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது.